பிரிவு பதினான்கு

சந்தூர் தோத்தாபுரி, நாற்பது டன் கூழ்,
எந்தத் துறைமுகத்திலோ வெயில் காய்கிறது.
"பிரிவு 14இன்படி நிறுத்தம்."
அவ்வளவுதான் தகவல்.

காவேரிப்பட்டணம் தொழிற்சாலை, இரவு பதினொன்று.
கீழே பாய்லர் மூச்சு விடுகிறது.
அந்த நாட்டுச் சட்டம்
கொக்கியும் புள்ளியுமாய் எழுபது பக்கம்.
அதில் எனக்குத் தெரிந்த எழுத்து
14 மட்டும்தான்.

ஆங்கிலத்தில் தேடினேன்.
ஒன்று கிடைத்தது, ஒன்பதாம் பிரிவோடு சரி.
இன்னொன்று திருத்தத்துக்கு முந்தியது.
மூன்றாவதைத் தூதரகத்தில் யாரோ புண்ணியவான்
தட்டச்சு செய்திருந்தார். அடியில் பொடி எழுத்து:
ஐயம் எழுந்தால் மூலமே செல்லும்.

எழுந்தது ஐயம்.
பிரிவு பதினான்கு இறைச்சி பற்றியது.
கால்நடை மருத்துவர் சான்று வேண்டுமாம்.

விடிந்ததும் டாக்டர் குப்புராஜைக் கூப்பிட்டேன்.
"மாம்பழத்துக்குக் கோமாரி ஊசி போட்டாச்சான்னு கேக்கறாங்களா?"
அவர் சிரித்து முடிக்க நேரமாயிற்று.
முதலாளி சிரிக்கவில்லை.
கன்டெய்னருக்கு ஒரு நாள் வாடகை என்ன
என்று மட்டும் கேட்டார்.

மத்தியானம் கொட்டை பிரிக்கும் பக்கம் போனேன்.
மெஷினை நிறுத்திவிட்டு மாதம்மா சொன்னாள்:
"இந்த லோடு ஆகாதும்மா.
சதையே இல்ல, எல்லாம் நாரு."

சதை.
தொடைக்கும் ஆட்டுக்கும் மாங்கனிக்கும்
நமக்கும் ஒரே சொல்தானே.
அங்கேயும் ஒன்றுதான் இருந்திருக்கும்.
நடுவில் ஆங்கிலம் கத்தியை எடுத்துத்
தவறான பக்கம் வெட்டியிருக்கிறது.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
மதிப்பிற்குரிய ஐயா,
அப்புறம் அந்தச் சொல்.
அடித்தேன், அழித்தேன்.
விசைப்பலகையில் பிசுபிசுவென்று
மாதம்மா நீட்டிய கீற்று.