நண்டுக் கம்பெனித் தராசு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
வாலிநோக்கத்தில் எங்கள் ஸ்டேஷனுக்குத்
துப்பாக்கிகள் வரத் தொடங்கின:
கோணியில், பழைய வேட்டியில்,
ஒன்று மட்டும் பச்சை வெல்வெட் பெட்டியில்.

ரசீதில் எடை என்றொரு கட்டம்.
இத்தனை வருடம் யாரும் நிரப்பியதில்லை.
புது இன்ஸ்பெக்டர் நிரப்பச் சொல்லிவிட்டார்.
நண்டுக் கம்பெனியிலிருந்து தராசு வந்தது,
தட்டில் ஓட்டுத் துண்டும் கவிச்சியுமாக.
சோளகம் உள்ளே புகுந்தால் முள் நிற்காது;
ஜன்னலைச் சாத்திவிட்டு வியர்த்தோம்.

முதலில் இருபத்திரண்டு. இரண்டு கிலோ அறுநூறு.
லைசென்சில் பயிர்க் காவல்; ஊரில் முயல்.
உதைக்குமா என்றேன்.
‘தோள்ல ஈ உக்காந்து எந்திரிச்ச மாதிரி’
என்றான் வழிவிட்டான்.

அடுத்தது முந்நூற்றுப் பதினைந்து. மூன்று நானூறு.
கட்டையின் பின்பக்கம் ரப்பர் செருப்பை வெட்டி
ஆணியடித்திருந்தார் செய்யது நெய்னா.
குதிகால் தேய்ந்த பள்ளம் அப்படியே தெரிந்தது.
‘பன்றி விழுந்துச்சா தெரியல, மேடம்.
நான் வரப்புல உக்காந்துட்டேன்.’

எனக்கும் தெரியும்.
பயிற்சியில் முந்நூற்று மூன்று,
சட்டைக்குள் மடித்து வைத்த துண்டு,
அதையும் மீறி நாவல்பழ நிறத்தில் ஒரு வட்டம்.
எட்டாம் நாள் பெண் பார்க்க வந்தார்கள்.
பட்டுச்சேலையைத் தோளில் ஊசி குத்தும்போது
அத்தை கேட்டாள், யாருடி அடிச்சது?

பச்சைப் பெட்டி துரைசிங்கத்தினுடையது.
இரட்டைக் குழல், நானூற்று எழுபது.
ஐந்து கிலோ நூறு.
யானைக்கென்று பாட்டனார் வாங்கினாராம்.
இந்தக் கரையில் யானை கோயிலில்தான் உண்டு.
தோட்டா ஒவ்வொன்றும் என் நடுவிரலைவிட நீளம்.

‘கனம்தான் காப்பாத்தும்’ என்றார்.
‘குண்டு முன்னால போற வேகத்துக்கு
துப்பாக்கி பின்னால வந்தே தீரணும்.
கனமானது சோம்பேறி, தள்ளும்.
லேசானது கோபக்காரன், குத்தும்.’
நீங்கள் சுட்டதுண்டா?
‘இல்ல. கேள்விதான்.’

கடைசியாக, மதியச் சாப்பாட்டு நேரத்தில்,
சந்தனமாரி.
ஒற்றைக் குழல், பன்னிரண்டு போர்.
புருஷன் பெயரிலிருந்து
போன வருடம்தான் மாறிய லைசென்ஸ்.
குண்டுமிளகாய்க் கொல்லைக்குக் காவல்.
இரண்டு கிலோ எழுநூறு.

இருபத்திரண்டின் எடைதான் ஏறக்குறைய.
வாயில் கட்டைவிரல் நுழையும்.
துரைசிங்கம் சொன்ன கணக்கை
மனதுக்குள் போட்டுப் பார்த்தேன்.
நெய்னாவை வரப்பில் உட்காரவைத்ததைவிட
இது மோசம்.

உதைக்குமா என்று இவளிடமும் கேட்டேன்.
தண்ணீர்ப் பானையைப் பார்த்தாள்,
ஒரு டம்ளர் குடித்தாள்.
‘உதைக்கும்.
ஆனா ஒரு தடவ வெடிச்சிட்டா
அன்னிக்கி ராத்திரி முழுக்கக்
கொல்லப் பக்கம் யாரும் வர்றதில்ல.’

யாரும் என்றாள். பன்றி என்று சொல்லவில்லை.
உதைப்புக்கு ரசீதில் கட்டம் இல்லை.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
செல்போன் நம்பரைக் கொடுத்தேன், என்னுடையதை.
அவளது ஆயுதம் என் பீரோவில் இருக்கும்
நாற்பத்தெட்டு நாளுக்கு.

இரண்டு முறை அழைத்தாள்.
ஒருமுறை பன்றிதான்.

வாக்கு எண்ணி முடிந்து தராசைத் திருப்பியபோது
கம்பெனி மேஸ்திரி தலையைச் சொறிந்தார்:
‘அம்பது கிராம் கூடக் காட்டும், மேடம்.
சொல்ல மறந்துட்டேன்.’
ஏறக்குறைய ஒரு பன்னிரண்டு போர் தோட்டா.

ஆக, பதிவேட்டில் இன்றுவரை
எல்லாத் துப்பாக்கியிலும்
ஒரு தோட்டா போட்டே இருக்கிறது,
வழிவிட்டானுடையதிலும்,
அதில் அது நுழையவே நுழையாது.