இரண்டரை அங்குலம்

‘எக்கோன் வேணும்’ என்றேன்.
செக்காலை ரோட்டில் மூன்று கடைகளிலும்
ஒரே மாதிரி விழித்தார்கள்.
நாலாவது கடைக்காரர்
‘ஏசியா?’ என்றார்,
கொஞ்சம் பொறுத்து, ‘சிலோனா?’
ஈப்போ என்றேன்.
‘எல்லாம் ஒண்ணுதான்’ என்று
ஒன்றரை டன்னுக்கு ரசீது எழுதினார்.

இரண்டு வருட ஒப்பந்தம் எனக்கு.
பேட்டரி ஆய்வுக்கூடத்தில் என் கரைசல்கள்
இருபத்தைந்து டிகிரியில் சுகமாக இருக்கின்றன.
அவற்றைக் கலக்குகிறவள்
பர்மா காலனி இரண்டாம் மாடியில்
ஈரத்துண்டை விரித்துத் தரையில் கிடக்கிறாள்.
சித்திரை முடிய இன்னும் பதினொரு நாள்.
அதற்கப்புறமும் வெயில்தான் என்கிறார்கள்.

சுவரைத் துளைக்க
வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும்.
வீட்டுக்காரர் சோலையப்பன் இருப்பது கிள்ளானில்.
என் நாட்டில் அவர்.
அவர் ஊரில் நான்.
இரண்டரை மணி நேரம் முந்திக்கொண்டு
அவருக்குப் பொழுது சாய்கிறது.

குரல் செய்தி வந்தது.
‘துளை போட்டுக்கங்க தாயி.
இரண்டரை அங்குலத்துக்கு மேல வேணாம்.
காலி பண்ணும்போது அடச்சுக் குடுத்துரணும்.’
அதற்குப் பிறகு ஒன்பது விநாடி
அவர் பேசவில்லை.
நிறுத்த மறந்திருக்கிறார்.
பின்னால் மழை.
தகரத்தில் விழும் நாலு மணி மழை,
துணி எடுக்கக்கூட நேரம் தராதது.
இங்கே மணி ஒன்றரை.
ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை.
வாடகை விவரத்தைக்கூட
நான் இரண்டாம் முறை கேட்டதில்லை.
அந்தச் செய்தியை ஆறு முறை கேட்டேன்.

ஞாயிறு பூசை முடித்து
தேவகோட்டையிலிருந்து வந்தார் சூசைமாணிக்கம்.
தோளில் ஏணி, பின்னால் ஒரு பையன்.
படியேறிய மூச்சு அடங்குமுன்
‘பசியாறியாச்சா?’ என்றார்.
ஒரு கணம் எந்த ஊரில் நிற்கிறேன்
என்று தெரியவில்லை.
எங்கள் ஊர்ச் சொல் என்றல்லவா
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
இங்கிருந்து கப்பலேறிய சொல்லாம்.
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

எந்திரம் சுவரைக் குடைந்தது.
பையன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தான்,
செங்கல் நிறத்தில் வழிந்தது.
ஓட்டை வழியே முதலில் வந்தது காற்றல்ல.
எதிர்வீட்டு அழகம்மை:
‘அந்த அனல எங்க கிளிக்கூண்டுப் பக்கம்
திருப்பிராதீக!’
வெளிப்பெட்டியை மேற்கே தள்ளினோம்.
செம்புக் குழாய் ஒரு மீட்டர் கூடுதல்,
தொள்ளாயிரம் ரூபாய், கிளிகளின் கணக்கில்.

ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு.
பதினெட்டில் வைத்தேன்.
வெள்ளை இமை மெல்லத் திறந்தது.
கரண்ட் போனது.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
‘வந்துரும்’ என்றார் சூசைமாணிக்கம்,
மின்வாரியத்தில் பாதி அவருடையது போல.
காபி போட்டேன். குடித்தார்கள்.
பணத்தை இரண்டு முறை எண்ணினார்கள். போனார்கள்.

இரவு எட்டே காலுக்கு வந்தது.
எட்டரைக்குக் கதவைத் தட்டினார்
கீழ்வீட்டு முத்துராக்கு,
கையில் வாளி.
‘ஏசித் தண்ணி இன்வெர்ட்டருக்கு நல்லதாமே?’
ஊற்றாதீர்கள் என்றேன்,
குழாயின் செம்பும் தூசியும் இறங்கியிருக்கும்,
பேட்டரி கெட்டுவிடும்.
இந்தத் தெருவுக்கு என் படிப்பால்
முதல் உபகாரம்.
அவர் முகம் அவ்வளவாகத் தெளியவில்லை.
‘அப்ப ஸ்கூட்டர் கழுவலாம்ல?’
கழுவலாம்.

அறை குளிர்ந்துவிட்டது.
தூக்கம்தான் வரவில்லை.

துளைத்தபோது உருண்டு விழுந்த துண்டு
மேசை மேல் நிற்கிறது.
செங்கல், சாந்து, மூன்று அடுக்குச் சுண்ணாம்பு,
நடுவில் யாரோ அடித்திருந்த இளநீலம்.
‘உடையாம முழுசா வர்றது அபூர்வம்’
என்று துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.
இரண்டு வருடம் கழித்து
திரும்ப வைக்க வேண்டியது.

எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று
பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.