நாற்பது நொடி

கெமியில் ஜனவரி. கடல் கல்லாகிக் கிடக்கும் மாதம்.
மூன்று மணிக்கு மின்சாரம் போனது,
மூன்று ஆறுக்குத் திரும்பி வந்தது
ஒன்றும் நடக்காதது போல.

காகித ஆலையின் சர்வர்கள்
இருமி இருமி எழுந்தன.
தரவுத்தளம் மட்டும் எழவில்லை.
தொடக்க ஸ்கிரிப்டைக் கேட்டால்
'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது' என்கிறது.

எங்கே ஓடுகிறது?
தேடிப் பிடித்தேன் ஒரு சின்னக் கோப்பை.
உள்ளே ஒரே ஓர் எண்: 2117.
மின்சாரத்தோடு செத்துப்போனவனின் எண்.
ஆள் இல்லை, வாசலில் பெயர்ப்பலகை தொங்குகிறது.
அதைப் படித்துவிட்டுக்
கதவைத் தட்டாமலே திரும்பியிருக்கிறது ஸ்கிரிப்ட்.

கோப்பை அழிக்க ஒரு வரி போதும்.
அதற்குப் போய்க் கை தயங்கியது.

தரவுத்தளம் விழித்தது.
விழித்த மறுகணமே
பகுப்பாய்வு மென்பொருள் பந்திக்கு முந்திவிட்டது.
பரிமாற இன்னும் யாரும் வரவில்லை.
பதில் வராததையெல்லாம் பூஜ்யம் என்று
எழுதிக்கொண்டது:
நேற்று வந்த மரம், பூஜ்யம்.
கூழ், பூஜ்யம்.
ஆலையே இல்லை என்பதுபோல் ஓர் அறிக்கை,
பட்டை வரைபடங்களோடு, வெகு அழகாக.
ஐந்தரைக்கு அதைக் காபியோடு திறப்பார்
மேலாளர் கேஸ்கிதாலோ.

அக்டோபரில் நான்தான் அந்த வரியை நீக்கினேன்.
'நாற்பது நொடி தூங்கு.'
அதன் தலைமேல் ஒரு குறிப்பு: 'தொடாதே. உர்ப்போ.'
காரணம் சொல்லாத கட்டளைக்கு
நான் பணிவதில்லை.

உர்ப்போ இப்போது துர்க்குவில்
பல் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிறான்.
எழுப்பினேன்.
'கெர்த்து, உனக்குத் தூக்கமே வராதா?
நாற்பதா? நானா எழுதினேன்?'
நீண்ட கொட்டாவி.
'முப்பது போதாமல் இருந்திருக்கும்.'
வைத்துவிட்டான்.

பதிவேட்டை நொடி நொடியாகப் படித்தேன்.
மூன்றாம் நொடியில் கதவு திறந்திருக்கிறது.
உள்ளே அது
பாதியில் அறுந்த நேற்றை
வரி வரியாகக் கோத்துக்கொண்டிருந்திருக்கிறது
முப்பத்தேழாம் நொடி வரை.

நாற்பதை நான் திரும்ப வைக்கவில்லை.
இன்னும் பெரிய நேற்று ஒன்று வந்தால்
நாற்பதும் போதாது.
அதற்குப் பதில் ஒரு கேள்வி வைத்தேன்,
இரண்டு நொடிக்கு ஒரு தட்டல்:
'கடைசியாக வந்த லாரியில் என்ன?'
சரியான பதில் வரும்வரை
யாருக்கும் உள்ளே இடமில்லை.

சோதிக்க வேண்டுமே. எல்லாவற்றையும் நிறுத்தினேன்.
நிறுத்தும் வரிசை தலைகீழ்:
கடைசியில் எழுந்தது முதலில் படுக்க வேண்டும்.
மறுபடி எழுப்பினேன்.
இரண்டாம் தட்டலிலேயே பதில்:
ஐம்பத்தொரு டன் பைன், சோதன்கூலாவிலிருந்து.

இது எதையும் நிரூபிக்கவில்லை.
சொல்லிவிட்டுத் தூங்கியது
சொன்னபடி எழுந்தது, அவ்வளவுதான்.
நெஞ்சில் அடித்து வீழ்த்திப் பார்க்கலாம்;
மணி ஐந்து பத்து, மனம் வரவில்லை.

அறிக்கையை மீண்டும் ஓட்டினேன். மரம் வந்தது, கூழ் வந்தது.
ஸ்கிரிப்டின் தலையில் காரணம் எழுத உட்கார்ந்தேன்.
ஒன்பது வரி ஆனது.
யார் படிப்பார்கள்?
எட்டை அழித்தேன்.
மிச்சமிருந்த ஒன்றைப் பார்த்தால்
உர்ப்போவின் குரல்.

கீழே என் பெயரைப் போட்டேன்.
அடுத்த மின்வெட்டு வரட்டும்.