முப்பத்தேழு புள்ளி ஒன்பது

இரவு இரண்டு நாற்பது.
எட்மன்டன். வெளியே மறை இருபத்தொன்பது.
கமக்கட்டுக்குள் வைத்த வெப்பமானி
முப்பத்தேழு புள்ளி ஒன்பது என்கிறது.

ஃபிரிட்ஜ் கதவில் பச்சை அட்டை:
முப்பத்தெட்டு என்றால் உடனே வரவும்.
கேட்காமல் டைலனோல் கொடுக்க வேண்டாம்.
அது காய்ச்சலின் வாயைப் பொத்திவிடும் என்று
அடியில் சுகிர்தா எழுதி வைத்திருக்கிறாள்.

புள்ளி ஒன்றுக்கு இந்தப் பக்கம்
வெறுங்காலோடு நிற்கிறேன்.
கீழே கார், சுவரில் செருகியபடி
செம்மஞ்சள் வயரால் மின்சாரம் குடிக்கிறது,
எஞ்சின் உறைந்துவிடாதிருக்க.
மார்கழியிலிருந்து ஒவ்வோர் இரவும் இப்படித்தான்.
கரண்ட் பில்லை இருவரும் பிரிப்பதில்லை.

அக்சரன் விழித்துத்தான் இருக்கிறான்.
ஸ்டீராய்டு தொடங்கி ஐந்தாம் நாள்,
அந்தப் பசிக்கு மணிக்கூடு தெரியாது.
மிக்சர் கேட்கிறான். நாக்கெல்லாம் வெள்ளைப் புண்.
சூடு ஆகாது, புளி ஆகாது, மொறுமொறுப்பு ஆகவே ஆகாது.
குழைந்த சோற்றை ஆறவைத்து
பட்டர் போட்டுப் பிசைந்து தருகிறேன்.
நேற்றுத் தண்ணியிலும் காசு நாறுது என்று துப்பியவன்
கோப்பையை வழித்துவிட்டு
இன்னும் என்கிறான்.

கிளினிக்கில் ஆறு முகங்கள் வரைந்த அட்டை உண்டு,
சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும்,
பூச்சியம் முதல் பத்து வரை.
எங்களுக்கு நோவு எண்ணாக வந்ததில்லை, வினையாகத்தான் வந்தது:
குத்தும், உளையும், கடுக்கும், பிசையும்,
இழுக்கும், விண்விண்ணென்று தெறிக்கும்.
உளைவு நாலா? கடுப்பு ஏழா?
முதல் மாதம் முழுக்க எல்லாவற்றையும்
ஆங்கிலத்தின் ஒற்றைச் சாக்கில்
அரிசியும் பருப்பும் தவிடுமாகக் கொட்டினேன்.

அவனுக்கோ இரண்டு மொழியும் போதவில்லை.
படியேறும்போது பாதம் தட்டி விழுந்த அன்று
"காலுக்குள்ள சோடா" என்றான்.
சோடா என்றே நேர்ஸிடம் சொன்னேன்.
மரிசெல் சிரிக்கவில்லை, அப்படியே எழுதினாள்.
குதிக்காலில் நடக்கச் சொன்னாள். அவனால் முடியவில்லை.
மருந்து நரம்பைத் தொட்டிருக்கலாம்,
டொக்டர் இன்றே பார்க்கட்டும் என்றாள்.
பிறகு, பேனையை மூடிக்கொண்டு,
எங்கள் ஊரில் கிரோட் என்று ஒரு நோவு இருக்கிறது,
அதற்கும் நம்பர் கிடையாது என்றாள்.

அதன்பிறகு ரயர்க் கடை பில் கொப்பியின் பின்பக்கத்தில்
அவன் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.
திங்கள், சோடா, இரண்டு காலும்.
செவ்வாய், தாடைக்குள்ள யாரோ லெகோ பூட்டுகினம்.
புதன் ஒன்றுமில்லை. அதன் கீழே இரண்டு கோடு.
வியாழன், வயிறு கல்லு, மூன்று நாளாய்ப் போகவில்லை.
வெள்ளி, கோபம்.
எந்த இடத்தில் என்று கேட்டேன்.
தெரியாதாம்.
அதையும் காட்டினேன். அதற்கும் ஒருத்தி வந்தாள்,
களிமண்ணும் ஊசியில்லாத சிரிஞ்சுமாக
ஒரு மணித்தியாலம் தரையில் அவனோடு இருந்தாள்.

இரண்டு ஐம்பத்தைந்து.
முப்பத்தெட்டு புள்ளி இரண்டு.
சுகிர்தா எண்ணைக் கேட்கவில்லை,
பை ஏற்கெனவே தோளில்,
போனில் வார்டுக்கு வருகிறோம் என்கிறாள்.

காரில் கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல்:
"அப்பா, உங்களுக்கு எத்தினை?"
இரண்டு, என்றேன்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி இருந்தான்,
சிவப்பு விளக்கு ஒன்று முழுக்க.
"உங்கட முகம் ஆறு" என்றான்.
பிறகு, சோறு கொண்டுவந்தீங்களா என்று கேட்டான்.

எண்பத்தேழாம் அவெனியூவில் திரும்பும்போதுதான்
அந்தச் சரசரப்புக் கேட்டது.
கழற்ற மறந்த செம்மஞ்சள் வயர்
சுவரை விட்டு எங்களோடு வந்துவிட்டது,
உறைபனியில் இழுபட்டுக்கொண்டு.
நான் நிறுத்தவில்லை.