ஒன்பதாம் சுருள்

பனியைப் பார்த்துக்கொள்வது என் வேலை.
ஹாக்கி முடிந்ததும், மார்ச்சில்
அதை உருக்குவதில்லை; மூடிவிடுகிறோம்.
பனிமேல் பலகை, பலகைமேல் பச்சைக் கம்பளம்,
முதுகில் எண் போட்ட பதினான்கு சுருள்.
சுற்றிலும் மெத்தை தைத்த சுவர்.
அயோவாவின் இந்த மூலையில் அதற்குப் பெயர்
ஃபுட்பால் மைதானம்.

வெளியே நூறு கெஜம் ஓடும் ஆட்டம்
இங்கே ஐம்பதில் அடங்கவேண்டும்.
பதினோரு பேர் எட்டாகிறார்கள்.
பிடித்துக்கொண்டு ஓடுகிறவனைச் சுவர்தான் நிறுத்தும்,
முதல் வரிசைக்காரியின் மடியில் பீர் கொட்டும்,
அவள் கைதட்டுவாள்.

வெர்ன் க்ரெசெக் எருமைகளுக்குக் கோச்சாக வந்த அன்று
ஷூவைக் கழற்றிவிட்டு
காலுறையோடு இந்தக் கம்பத்திலிருந்து
அந்தக் கம்பம் வரை நடந்தார்.
உதடு மட்டும் அசைந்தது.
ஜெபம் என்று நினைத்தேன்.

எருமைகள் இரண்டு வருஷம் ஓடின.
முதலாளியின் காசோலை மூன்றாம் முறை திரும்பியதும்
அவர் டெக்சாஸ் போனார்; அங்கே ஆறே ஆட்டம்.
பிறகு டகோட்டா.
பிறகு ஒரு மெத்தை வியாபாரியின் அணி,
சம்பளத்துக்கு மெத்தை கொடுத்தார்களாம்,
வேன் கூரையில் கட்டிக்கொண்டு
மழையில் நானூறு மைல் வந்திருக்கிறார்.
நடுவில் லீகே ஒருமுறை காணாமல் போனது.
கோப்பையை வென்ற வருஷம் அது;
கோப்பை எந்த ஊர் அடகுக்கடையில் என்று
இன்றுவரை தெரியாது.

ஒன்பது வருஷம் கழித்து இங்கேயே திரும்பினார்.
அதே ஜெர்சி, கொம்பை மட்டும் பிரித்தெடுத்து
கரடிகள் ஆக்கியிருந்தார்கள்.
தையல் போன இடத்தில் துணி கறுத்திருந்தது.
பகலில் வான்கோழி ஆலையில் நிற்கிற பையன்கள்,
இரவில் அந்த வாடையோடே பயிற்சிக்கு.
அவர்களில் ஒருவன் டோபியாஸ் லுண்ட்,
குழாய் ரிப்பேர்காரன்,
உதைத்தால் பந்து கூரைக் கம்பிகளுக்கு நடுவே
வழி கேட்டுக்கொண்டு போகும்.

அந்தப் பருவம் முழுக்க அவன் தவறவில்லை.
உள்ளூர்ப் பேப்பர் எண்களைப் போட்டது.
பெரிய லீகிலிருந்து அழைப்பு வந்தது,
விமான டிக்கெட்டோடு.
மூன்றாம் நாள் திருப்பி அனுப்பினார்கள்.
க்ரெசெக்தான் வேனில் போய்க் கூட்டிவந்தார்.
“எல்லாமே கொஞ்சம் முன்னாடியே விழுந்துடுச்சு” என்றானாம்,
காற்றைக் காரணம் சொன்னானாம்.
அவர் ஹீட்டரைக் கூட்டி வைத்தாராம்.

கரடிகள் கலைந்தது ஒரு செவ்வாய்.
கூலி பாக்கி என்று ஆட்கள் வரவில்லை.
ராத்திரி பதினொன்றுக்கு நான் தனியாகக் கம்பளம் சுருட்ட
மறுமுனையில் ஒருவர் குனிந்தார்.
அவர் கையில் இன்னும் விசில் கயிறு.

ஒன்றிலிருந்து எட்டுவரை பேச்சில்லை.
ஒரு பல்காப்பு கிடைத்தது,
ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறை.
ஒன்பதாவதைத் தொட்டதும் நிமிர்ந்தார்.

“இதுல ரெண்டு கெஜம் குறையுது இல்லையா?”

கூரை ஒழுகி ஓரம் அழுகிப்போன வருஷம்
வெட்டி எறிந்தது நான்தான்.
கோட்டைத் தள்ளிப் போட்டு
பெயின்ட்டால் ஒப்பேற்றியதும் நான்தான்.
யாருக்கும் தெரியாது என்றிருந்தேன்.

“முதல் நாளே எண்ணிட்டேன்” என்றார்.
“ஏன் சொல்லல?”

“சனிக்கிழமை மேட்ச் இருந்தது.”

அப்புறம் கொஞ்ச நேரம்
குளிர்சாதன மோட்டாரின் சத்தம் மட்டும்.
“லுண்ட்கிட்டயாவது...” என்று ஆரம்பித்தேன்.
அவர் சுருளின் தன் பக்கத்தைத் தூக்கிவிட்டிருந்தார்;
நான் தூக்காவிட்டால் கோணலாகும்.

தூக்கினேன்.
அடியில் பலகை, அதற்கடியில் பனி,
பருவம் முழுக்க யாரும் மிதிக்காதது.
பத்தாவதற்கு நகர்ந்தோம்.