இருபத்தைந்தாவது

பெர்கனில் இன்றும் மழை.
மூன்றாம் மாடியில் குன்வோர்
ஒரு போர் நடந்ததா இல்லையா என்பதை
ஒன்று, சுழியம்
இரண்டில் எதுவெனத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

விதி எளிது.
ஓர் ஆண்டில் இருபத்தைந்து பேர் செத்தால் ஒன்று.
குறைந்தால் சுழியம்.
ஏன் இருபத்தைந்து என்று
வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் கேட்டாள்.
“எங்காவது கோடு போடத்தானே வேண்டும்?”
என்றார் தொர்கில்.
அவர் கோப்பையிலிருந்து காப்பி சிந்தி
கையேட்டின் அட்டையில்
ஒரு வட்டம் விழுந்தது.

நாடு அ. நாடு ஆ.
நடுவில் தோரூஸ் மேடு, ஒரு வாய்க்கால், ஒரு மதகு.
மதகின் சாவி யாரிடம் என்பதே
அறுபத்திரண்டு செய்திக் குறிப்புகளின் சாரம்.

“மேய்ப்பர்கள் சிலர் கொல்லப்பட்டனர்.”
சிலர் என்றால் எத்தனை?
கையேடு சொல்கிறது: மூன்று.
பலர் என்றால்?
வேறு சான்று தேடு.
“எங்கள் தரப்பில் இழப்பு ஏதுமில்லை”
இது அ-வின் அறிக்கை.
ஆ-வின் அறிக்கையும் இதுவே,
காற்புள்ளி மட்டும் வேறிடத்தில்.

மே மாதம்
பதினேழு மாடுகளை ஓட்டிப்போயிருக்கிறார்கள்.
நான் எழுதும் மொழியில்
போர் அங்கேதான் தொடங்கும்,
வெட்சி சூடிக்கொண்டு கிளம்புவார்கள்.
குன்வோரின் கையேட்டில் அது
‘பிற குற்றங்கள். சேர்க்க வேண்டாம்.’

கூட்டினாள். இருபத்து நான்கு.
கீழிருந்து மேலாகக் கூட்டினாள்.
இருபத்து நான்கு.

அப்போதுதான் ஜில்டிஸ் வந்தாள்.
அந்த மேட்டுக்கு இரண்டு நாள் பேருந்துத் தொலைவில் பிறந்தவள்,
அங்குள்ள பேச்சு தெரிந்தவள்.
மாவட்டச் செய்தித்தாளின் மங்கிய நகல் ஒன்றை நீட்டினாள்.
சார்ஜென்ட் துராத்பெக்.
டிசம்பர் இருபத்தொன்பதில் அடிவயிற்றில் குண்டு.
ஜனவரி நான்கில் மருத்துவமனையில் சாவு.
ஜனவரி ஒன்பதில் இரு நாடுகளும் கைகுலுக்கின.

“குண்டு போன வருடத்தினுடையது” என்றாள் ஜில்டிஸ்.
“சாவு இந்த வருடத்தினுடையது” என்றார் தொர்கில்.
அப்படியானால் அவன்
அமைதி ஆண்டின் ஒரே பிணம்.

தொர்கிலின் கட்டுரை மார்ச்சில் வருகிறது.
நதிநீர் ஒப்பந்தம் உள்ள நாடுகள் குறைவாகவே மோதும்:
அதுதான் அதன் வாதம்.
அ-வுக்கும் ஆ-வுக்கும் ஒப்பந்தம் உண்டு.
பதினோரு வருடப் பழையது, முத்திரையோடு.
துராத்பெக்கை விட்டுவிட்டு ஓட்டினால்
எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
சேர்த்து ஓட்டினால்
நட்சத்திரம் இல்லை.
தொர்கில் ஏழு முறை ஓட்டிப் பார்த்தார்.
கணினிக்குச் சலிப்பில்லை.

(ஜில்டிஸ் என்றால் அவள் மொழியில் நட்சத்திரம்.
அந்த அறையில் யாரும் அதைக் கேட்டதில்லை.)

வெள்ளி மாலை
கையேட்டில் பதினான்காம் விதிக்குக் கீழே
தொர்கிலின் எழுத்துகளில் ஒரு வரி:
காயம் பட்ட நாளே கணக்கு.
ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல்
குடையையும் விட்டுவிட்டுப் போனார்.

இருபத்தைந்து. ஒன்று.
போர் நடந்திருக்கிறது,
பத்து மாதம் கழித்து,
ஒரு கட்டத்துக்குள்.

ஜில்டிஸ் அந்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினாள்.
யாரும் பேசச் சொல்லவில்லை.
தாதி நினைவு வைத்திருந்தாள்:
அடகில் இருந்த மோட்டார் சைக்கிளை மீட்கச் சொல்லி
மச்சானுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தானாம்.
ஆறு நாளும் அதே பேச்சு.

‘குறிப்புகள்’ என்றொரு பத்தி உண்டு.
எந்தச் சமன்பாடும் அதைப் படிப்பதில்லை.
குன்வோர் அதில் எழுதினாள்:
மோ. சைக்கிள், அடகு, மீட்கவில்லை.
பிறகு எழுத்துப்பிழை பார்த்தாள்.

அடுத்த வரி.
அதே மேடு, பிப்ரவரி.
கண்ணிவெடி, ஒரு கழுதை,
கழுதைக்குப் பின்னால் நடந்துவந்தவர் பற்றி
செய்தியில் ஏதுமில்லை.