நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்திரண்டு

ஹாஸ்கம் சட்டப்படி ஒரு நகரம்.
சிக்னல் விளக்கு ஒன்று உண்டு,
மஞ்சளை மட்டும் சிமிட்டும்.
தலைக்கணக்கு இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு;
போன வாரம் பிறந்த இரட்டையரைச் சேர்த்தால் பதினெட்டு.

நான் நகரச் செயலர்.
செவ்வாய்தோறும் இரவு ஏழுக்கு
மேயரும் ஐந்து உறுப்பினர்களும் பேசுவதில்
எதெல்லாம் பேச்சு என்று முடிவுசெய்து
எழுதிவைப்பது என் வேலை.

இன்றைக்குப் பாலம்.
பழுது பார்ப்பதா, இடித்துக் கட்டுவதா.
உறுப்பினர் குவேல் கடனைப் பற்றி நாற்பது நிமிடம்.
உறுப்பினர் ஆஸ்ட்ராண்டர் துருவைப் பற்றி அரை மணி.
மேலாற்று மக்களின் மீன்வளத் துறையிலிருந்து
லியோட்டா வைட்பேர்ச் என்றொரு பெண்மணி;
பொதுமக்களுக்கு விதிப்படி மூன்று நிமிடம்.
மணி அடித்தது.
தீர்மானம்: அடுத்த செவ்வாய்.

எல்லோரும் போன பின்
இரும்புப் பெட்டியைத் திறந்து
முதல் குறிப்பேட்டை எடுத்தேன்.
தோலட்டை. ஒரு மூலையில்
எலியின் கையொப்பம்.

ஊரை நகரமாக்கலாமா என்று ஓட்டு வைத்திருக்கிறார்கள்.
பெட்டி, ஆப்பிள் பெட்டி.
சாவடி, எஸ்ரா பில்லிங்ஸின் லாடக் கொட்டில்.
எதற்காம் நகரம்?
முன்னேற்றம் என்றோ மேன்மை என்றோ
ஒரு சொல்லும் இல்லை.
பன்றிகள், என்று இருக்கிறது.
தெருவில் திரியும் பன்றியைப் பிடித்துக் கட்ட
நகரத்துக்கே அதிகாரமாம்.

ஆதரவு நாற்பத்து மூன்று.
எதிர்ப்பு நாற்பத்திரண்டு.
கீழே வேறு மையில்:
"ஓடக்காரர் இனோக் த்ரால்
ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தார்.
பெட்டி மூடியாயிற்று."

விடியலிலிருந்து அவர்தான் துடுப்புப் போட்டிருக்கிறார்.
அக்கரையின் முப்பத்தொரு ஓட்டும்
அவர் படகில் வந்தவை.
வேண்டும் என்பவருக்கும் ஐந்து சென்ட்,
வேண்டாம் என்பவருக்கும் ஐந்து சென்ட்.
கடைசியாகக் கொல்லனின் மைத்துனன்,
நிற்க முடியாத போதையில்;
அவனைக் கைத்தாங்கலாகக் கரையேற்றிவிட்டு,
படகைக் கட்டி,
கை கழுவி,
வந்திருக்கிறார்.

அவர் ஓட்டு எந்தப் பக்கம் என்று
யாரும் கேட்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.
நகரம் வந்தால் பாலம் வரும்.
சரிக்குச் சரியாகியிருந்தால்
நகரமே இல்லை,
எனக்குச் சம்பளமும் இல்லை.

பக்கம் நான்கில் பன்றிச் சட்டம்.
ஐந்தில் முதல் அபராதம், மேயரின் பெட்டைப் பன்றிக்கு.
ஒரு டாலர் கட்டினார், ரசீது கேட்டு வாங்கினார்.
ஆறில் பாலம்.
அந்த அத்தியாயத்துக்கு மட்டும் எத்தனை மை!

சிரித்துக்கொண்டே புரட்டினேன்.
பக்கம் பதினொன்று:
"பாலத்தின் கால் ஊன்றும் இடத்தில்
மீன் உலர்த்தும் கழிகளை அகற்றிய கூலி,
இரண்டு டாலர்."
யாருடைய கழிகள் என்று இல்லை.
எத்தனை கோடையாக அங்கே நின்றன என்று இல்லை.
நில அளவைப் படத்தில் அந்தக் கரை
வெள்ளைத்தாளாகவே இருக்கிறது.
கூலி பெற்றவர் பெயர் மட்டும் இருக்கிறது:
இ. த்ரால்.

சத்திரத்தில் கதை சொல்லும்போது
ஐந்து நிமிடத் தாமதத்தைத்தான் இன்றும் சொல்வார்கள்.
நானும் சொல்லியிருக்கிறேன்,
புதிதாக வந்த பள்ளி ஆசிரியர்களிடம்,
பை தின்றுகொண்டே.
பதினொன்றாம் பக்கம் வரை
யாரும் புரட்டியதில்லை போலும்;
தாள்கள் ஒட்டியிருந்தன.

என் இன்றைய குறிப்பைப் பார்த்தேன்.
குவேலுக்கு ஒரு பக்கம்.
துருவுக்கு முக்கால் பக்கம்.
பிறகு: "பொதுமக்களில் ஒருவர் மீன்களைப் பற்றிப் பேசினார்."

ஒலிப்பதிவை ஓடவிட்டேன்.
தூணின் அடியில் நீர் வேகமெடுப்பதை,
இலையுதிர்கால மீன் அங்கே களைத்துத் திரும்புவதை,
அந்தத் திருப்பத்துக்கு
அவர்கள் மொழியில் ஒரு பெயர் இருப்பதை
அவசரமில்லாமல் சொல்கிறார்.
பெயரை இரண்டு முறை சொல்கிறார்.
இரண்டாம் முறை மணி அதன் மேல் விழுகிறது.

மூன்று முறை திருப்பிக் கேட்டு
காதில் விழுந்தபடி எழுதினேன்.
எழுத்து சரியா என்று காலையில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.
மொத்தம் இரண்டு பக்கம் வந்தது.

நீளம் என்று குவேல் சொல்வார்.
வெட்டுவதென்றால்
முன்மொழிந்து, வழிமொழிந்து,
கையைத் தூக்கி வெட்டட்டும்.
அதையும் எழுதிக்கொள்கிறேன்.